டேப்பின் நுனி

பிரேக் மிதிக்கும் ஸ்டியரிங் தண்டுக்கும் நடுவே தலையை நுழைத்து, கால்களைச் சீட்டின் முதுகில் தூக்கிப் போட்டு, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு அவள் மல்லாந்திருந்தாள். பதினோரு வருடமாக அந்தக் கார் எலக்ட்ரிக் கடையில் டேஷ்போர்டுக்கு அடியில் போகிற ஆள் அவள்தான். கடைக்காரரும் அவள் கணவருமான மாஸ்டரின் வயிறு அங்கே நுழையாது. வாய்க்கு மட்டும் எந்த இடைஞ்சலும் இல்லை. வண்டியை எடுக்க வருகிறவர்களிடம், "நேத்து முழுக்க மண்டைய உடைச்சிக்கிட்டேன் சார்" என்று அவர்தான் சொல்வார். அவள் கை துடைக்கத் துணி தேடிக்கொண்டிருப்பாள்.

இந்த முறை அப்படி நடக்காது என்று நம்பினாள். போன வாரம் டாக்ஸி கம்பெனி மேனேஜர் வந்தபோது மாஸ்டர் சாமான் வாங்கப் போயிருந்தார். அடியில் கிடந்து வேலை செய்தவளை மேனேஜர் கண்ணால் பார்த்துவிட்டார். "இன்ஜின் சூடு, ஆயில், பேட்டரி, மூணுக்கும் லைட் வச்ச மீட்டர் போடணும்மா. வண்டியோட டிம்மரைக் குறைச்சா இதுவும் கூடவே குறையணும். ஓட்டறவனுக்குக் கண்ணு கூசக் கூடாது. நீங்களே போடுங்க. சரியா வந்தா எங்க ஒர்க்‌ஷாப்புல எலக்ட்ரீஷியன் இடம் காலியா இருக்கு" என்றார். வீட்டுக்கு வந்து மாஸ்டரிடம் சொன்னாள். "பாக்கலாம்" என்றார்.

மற்ற வண்டிகள் என்றால் விளக்கின் கறுப்பு ஒயரைக் காரின் உடம்பில் ஏதாவது ஒரு போல்ட்டில் இறுக்கிவிட்டால் போதும். இந்த வண்டியில் டிம்மர் எர்த் பக்கம், கரண்ட் திரும்பும் வழியில், உட்கார்ந்திருந்தது. கறுப்பு ஒயர் டிம்மர் வழியாகத்தான் திரும்ப வேண்டும். நேராக பாடிக்குப் போனால் டிம்மரை ஏய்த்துவிட்டு முழு வெளிச்சத்தில் எரியும். அரை நாள் தேடி அதைக் கண்டுபிடித்தாள். ஒயர்கள் சேரும் ஒட்டைப் பற்றவைத்து, டேப் சுற்றி, கடைசி நுனியைச் சின்னதாக மடித்துவிட்டாள். நாளைக்கு யாராவது பிரித்தால் நகத்துக்கு அகப்படட்டும் என்று அவளாக ஏற்படுத்திக்கொண்ட பழக்கம். மாஸ்டர் டேப்பைப் பல்லால் கடித்து அப்படியே அமுக்குகிறவர். "இதென்ன ஒயரிங்கா, இஸ்திரிக் கடையா?" என்று கேலி செய்வார்.

டிம்மர் குமிழைத் திருப்பிப் பார்த்தாள். பழையதும் புதியதும் ஒன்றாக மங்கின. வண்டியை மாஸ்டர் பொறுப்பில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, முகம் கழுவி, நல்ல சட்டையாகப் பார்த்து மாற்றிக்கொண்டு வந்தாள்.

பொழுது சாயும்போது மேனேஜர் வந்து குமிழைத் திருப்பினார். பழைய விளக்குகள் அடங்கின. புதிய மூன்றும் அசையாமல் முறைத்துக்கொண்டு நின்றன.

"யாரு போட்டது?"

"அவதான் சார். முழுக்க அவ கை வேலை. நான் தொடவே இல்ல" என்றார் மாஸ்டர்.

பதினோரு வருடத்தில் ஒரு வாடிக்கையாளர் முன்னால் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"மத்தியானம் சரியா இருந்துச்சு சார். ரெண்டு நிமிஷம் குடுங்க" என்றாள் அவள்.

"எனக்கு ஒயரிங் தெரியாதும்மா. குமிழைத் திருப்பிப் பாக்கத்தான் தெரியும். சரி பண்ணி வைங்க, டிரைவர் வந்து எடுத்துக்குவான்." பிறகு அவள் பக்கமே திரும்பாமல், "மத்த வண்டிங்களை நீங்களே கூட நின்னு பாத்துக்குங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் நல்ல சட்டையோடு அடியில் புகுந்தாள். டார்ச்சே தேவைப்படவில்லை, விரல் போதும். அவளுடைய ஒட்டு வெட்டப்பட்டிருந்தது. கறுப்பு ஒயர் ஒரு துண்டு சேர்த்து நீட்டப்பட்டு பாடி போல்ட்டில் இறுக்கப்பட்டிருந்தது. மனுஷனுக்கு எர்த் என்றாலே பாடிதான், தெரியாமல் திருத்தித் தொலைத்திருக்கிறார் என்று நினைத்தாள். ஆத்திரம் பொங்கினாலும் அதில் கொஞ்சம் பரிதாபமும் இருந்தது. தெரியாமல் செய்கிறவரோடு எப்படியோ காலத்தை ஓட்டிவிடலாம்.

பிரிப்பதற்காக அந்தப் புது ஒட்டைத் தடவினாள். டேப்பின் நுனி அவள் மடிப்பது போலவே சின்னதாக, ஒழுங்காக மடிக்கப்பட்டிருந்தது.

விரல் அங்கேயே நின்றுவிட்டது. அந்த ஆளால் இவ்வளவு நேர்த்தியாக மடிக்க முடியும் என்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஆயிடுச்சா?" வெளியிலிருந்து கேட்டார்.

அவள் போல்ட்டிலிருந்து ஒயரைக் கழற்றி, பழைய இடத்தில் சேர்த்து, டேப்பைப் பல்லால் கடித்து இழுத்து அமுக்கினாள். நுனியை மடிக்கவில்லை. எழுந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். மாஸ்டர் கதவோரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டில் டேஷ்போர்டின் வெளிச்சம் அவர் தாடையிலும் மூக்கிலும் விழுந்திருந்தது.

"எனக்கு எப்படிடீ தெரியும், கறுப்புன்னா பாடிதானேன்னு…"

அவள் குமிழைத் திருப்பினாள். பழையதும் புதியதும் ஒன்றாக இறங்கின. திருப்பிக்கொண்டே இருந்தாள். மூக்கு போயிற்று, தாடை போயிற்று, பேசிக்கொண்டிருந்த வாய் மட்டும் கொஞ்ச நேரம் மங்கலாக அசைந்தது.