எலிகளுக்கு நன்றி

கூட்டத்தில் வாய் திறக்காதவள் என்று லக்சிகாவுக்குப் பெயர். ஜெர்மனியின் ஹனோவரில் அந்த மூளை ஆய்வுகூடத்தில் சேர்ந்து இரண்டு வருடமாகியும், யாராவது கேட்டால்தான் பேசுவாள். அன்று யாரும் கேட்கவில்லை. அவளாகவே கையை உயர்த்தினாள்.

"வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் எல்லோரும் ஒரு நிமிடம் பின்வாசலில் நிற்க முடியுமா? நம் எலிகளுக்காக."

யாரோ சிரித்தார்கள். அவளுக்குக் காது சூடானது. எதிரே இருந்த நானாமி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானாமி ஜப்பான்காரி. சனிக்கிழமை ஊருக்கே திரும்பிப் போகிறாள். அவள் படித்த பல்கலைக்கழகத்தில், ஆய்வில் இறந்த விலங்குகளுக்கென்று ஒரு நினைவுக்கல் இருந்தது. வருடத்தில் ஒரு நாள் பேராசிரியர் முதல் கூடு கழுவுபவர் வரை எல்லோரும் அதன்முன் பூ வைத்துத் தலை குனிவார்கள். இங்கே அவள் தனியாக, ஒவ்வொரு பரிசோதனையும் முடிந்த பிறகு, இறந்த எலிகளை வைக்கும் குளிர்ப்பெட்டிக்கு முன்னால் குனிவாள். ஒருமுறை லக்சிகா அதைக் கண்டுவிட்டாள்.

"மன்னிப்புக் கேட்கிறாயா?"

"இல்லை. மன்னிப்புக் கேட்டால் நாளைக்கு இதைச் செய்யக் கூடாது. நான் நாளைக்கும் செய்வேன். அதனால் நன்றி சொல்கிறேன்." கொஞ்சம் பொறுத்து, "தனியாகச் சொல்வதுதான் கஷ்டம்" என்றாள் நானாமி.

அந்தக் கடைசிச் சொல்தான் இப்போது லக்சிகாவின் கையை உயர்த்தியிருந்தது.

பேராசிரியர் ஹார்ட்மன் கண்ணாடியைக் கழற்றினார். "இது ஆய்வுகூடம், தேவாலயம் இல்லை. உயிரோடு இருக்கும்போது வலிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் மரியாதை. செத்த பிறகு நிற்பது நமக்காக."

"இருக்கலாம். ஆனால் நான் நிற்பேன். விரும்பியவர்கள் வரலாம்." ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள்.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா பாலாம்பிகை கேட்டாள்: "செத்த எலிக்கு அந்தியேட்டிக் கிரியையோ பிள்ளை?"

"ஐயருக்குச் சொல்லியாச்சோ அக்கா? சாம்பல் கரைக்கக் கீரிமலைக்கு ரிக்கற் போடவோ?" என்றான் தம்பி தாரகன்.

"நீ சும்மா இரடா."

"அவ்வளவு கவலையெண்டால் கொல்லுறதை விடன்" என்றாள் அம்மா.

"விடமாட்டன் அம்மா. மருந்து வேணும். எங்களுக்காகச் செத்ததுகள் எண்டு சொல்லத்தான் நிக்கிறன்."

அம்மா சாமியறைக்கு விளக்கு வைக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை. உடை மாற்றும் அறையில் லக்சிகா பிளாஸ்டிக் பையை அவிழ்த்தாள். சாம்பிராணி மணம் குப்பென்று வந்தது. எலிகளுக்குப் புது மணம் ஆகாது. பயந்து மூலையில் ஒடுங்கிவிடும், அன்றைய அளவீடெல்லாம் பிழையாகிவிடும். அதனால்தான் வேலை உடுப்பைத் தோய்த்து, பையில் இறுகக் கட்டி, சாமியறையிலிருந்து தள்ளியே வைப்பாள். உடனே வீட்டுக்கு அழைத்தாள்.

"அம்மா, பையைத் திறந்தனீங்களோ?"

"ஓம்." தொலைபேசியில் அம்மாவின் குரல் பெருமையாக இருந்தது. "நல்ல காரியத்துக்கெல்லோ போறாய். உடுப்புக்கும் ஒருக்காச் சாம்பிராணி காட்டினனான்."

அவளால் கோபப்பட முடியவில்லை. மேலங்கியை இறுக்கிப் போட்டுக்கொண்டு உள்ளே போகலாம். மனிதர் யாருக்கும் தெரியாது. எலிக்குத் தெரியும். அவள் நேரே ஹார்ட்மனின் அறைக்குப் போனாள்.

"இன்று என்னால் சோதனை செய்ய முடியாது. என் உடுப்பில் புகை மணம். திங்கட்கிழமை செய்கிறேன்."

அவள் காரணத்தைச் சொன்னதும் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "செத்த எலிக்குப் புகை போட்டு, இருக்கிற எலியைப் பயமுறுத்தப் பார்த்தீர்கள்."

"ஆமாம். அதனால்தான் உள்ளே போகவில்லை. மாலையிலும் பூவோ புகையோ கிடையாது. அவை தின்னும் தீனி மட்டும், ஒரு கிண்ணத்தில்."

அவர் தலையசைத்துவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பினார்.

மாலையில் பின்வாசலில் குளிர்காற்று. முதலில் அவளும் நானாமியும் மட்டும். பிறகு கூடு கழுவும் பெண் வந்தாள். அன்று கூட்டத்தில் சிரித்தவன் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டபடி வந்தான். கடைசியாகக் கதவு திறந்தது. ஹார்ட்மன்.

"நான் குனிய மாட்டேன்."

"நின்றால் போதும்" என்றாள் லக்சிகா.

தீனிக் கிண்ணத்துக்கு முன்னால் நானாமி குனிந்தாள். பக்கத்தில் லக்சிகாவும் குனிந்தாள். நிமிர்ந்தபோது நானாமியின் முகம் நனைந்திருந்தது.

திங்கட்கிழமை லக்சிகா, தானே தோய்த்து அலுமாரியில் பூட்டி வைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். எலியை இரு கைகளாலும் ஏந்தி எடுத்தாள். அது கையுறையை மோந்து பார்த்தது; ஒடுங்கவில்லை. அவள் சோதனையைத் தொடங்கினாள்.