ஆறு இதழ்ப் பூ

"அக்கா, ஒங்க மிஷினு எனக்கு சுகருங்குது. செங்கோட்டை லேபுல பாத்தா, ஒனக்கு என்னலே கேடு, போயி வண்டி ஓட்டுங்கான். நான் யாரு பேச்சக் கேக்க?"

இசக்கிதுரை இரண்டு தாள்களையும் மேசைமேல் வைத்தான். புளியறைக்காரன், லாரி டிரைவர், இருபத்தாறு வயது. பதினோரு நாளைக்கு முன் வேலைக்கான உடல்தகுதிச் சான்றுக்காகத் தென்காசிக்கு வந்து, இந்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவன். கூடத்தின் பரிசோதகர் கிறிஸ்டி கையெழுத்துப் போட்ட தாளில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஒன்பது புள்ளி ஆறு. செங்கோட்டைத் தாளில் ஐந்து புள்ளி நாலு.

"மிஷினு சரியாத்தான் இருக்கு தம்பி."

"அப்ப நாந்தான் சரியில்லையா? ஓனரு சாவியத் தரமாட்டேங்காரு. எங்கம்ம தெனமும் பாவக்காயக் கசக்கிப் பிழிஞ்சு வாயில ஊத்துதா. நாக்கு செத்துப் போச்சுக்கா."

கிறிஸ்டி சிரித்தாள். சிரித்தபடியே அவன் கையில் ரத்தம் எடுத்து, குழாயில் பேரெழுதி, மிஷினில் வைத்தாள். ஐந்து புள்ளி ஐந்து என்று வந்தது. சிரிப்பு அதோடு நின்றது.

அப்படியென்றால் அந்த ஒன்பது புள்ளி ஆறு யாருடையது?

அன்றைய படத்தைத் தேடி அவள் செல்போனை எடுத்து 'விடியல் நாலு' வாட்ஸப் குழுவைத் திறந்தாள். அவள் தொடங்கிய குழு அது. இருநூற்றுப் பத்துப் பெண்கள். தினமும் விடியும் முன்னே நான்கு விஷயம் அனுப்புவாள். ஒரு படம், ஒரு நல்ல சாப்பாடு, ஒரு அறிவியல் செய்தி, கடைசியில் 'என்னையே கேட்கிறேன்' என்று ஒரு கேள்வி. நுண்ணோக்கியில் பார்த்த ரத்த அணுக்களைக் கலர் பென்சிலில் வரைந்து போடுவாள். 'ஒங்க மெசேஜப் பாத்துட்டுத்தான் அடுப்பப் பத்த வைக்கேன்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. கேள்விக்குப் பதிலாகத் தங்கள் மனக்குறைகளைக் குரலில் பேசி அனுப்புகிறவர்களும் உண்டு. கிறிஸ்டி எல்லாவற்றுக்கும் கைகூப்பும் படம் போடுவாள். தன் கேள்விக்குத் தான் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

பதினோரு நாளைக்கு முந்தைய படம் கிடைத்தது. வெள்ளைத் தட்டில் ஊதா மூடிபோட்ட ஆறு ரத்தக் குழாய்கள், ஆறு இதழ்ப் பூவாக. 'உயிர் பூத்த காலை' என்று எழுதியிருந்தாள். எண்பத்தாறு இதயம்.

விரித்துப் பார்த்தாள். ஒரு குழாயிலும் பேர் இல்லை.

எல்லாம் நினைவுக்கு வந்தது. காலையில் ஆறு பேர் வரிசையாக வந்தார்கள். முதல் ஆள் ஹைருன் பீவி, நாலாவது ஆள் இசக்கிதுரை. எடுத்த இடத்திலேயே பேரெழுத வேண்டும், இருபத்தோரு வருஷமாக அவள் தவறாத முறை. அன்று ஊதா மூடிகளைப் பார்த்ததும் பூ தோன்றியது. சீட்டு ஒட்டினால் அழகு கெட்டுவிடும். மேலிருந்து வலமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் வெளிச்சம் சரியாக விழவில்லையென்று தட்டை அரைவட்டம் திருப்பினாள். படம் எடுத்தாள், அடுத்த விடியல்வரை பொறுக்காமல் உடனே அனுப்பினாள். அப்புறம், நாலாவது குழாய் முதலிடத்துக்கு வந்திருந்ததைக் கவனிக்காமல், மேலிருந்து வலமாகப் பேரெழுதினாள்.

இசக்கிதுரையிடம் நடந்ததைச் சொல்லித் திருத்திய தாளைக் கொடுத்தாள். அவன் இரண்டு முறை படித்தான்.

"பூ வச்சியளாக்கும்" என்றான். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

மற்ற நாலு பேரையும் போனில் கூப்பிட்டு, தப்பு தன்னுடையது, மறுபடி ரத்தம் தரவேண்டும் என்றாள். ஹைருன் பீவிக்குப் போன் பண்ணக் கை வரவில்லை. ஏனென்றால் ஹைருன் பேரில் தப்பாக விழுந்த ஐந்து புள்ளி ஐந்தைக் குழுவில் போட்டதே கிறிஸ்டிதான். 'நம் ஹைருன் லாத்தா தினமும் தினைக்கஞ்சி குடித்தார். ஒன்பது புள்ளி ஒன்று, மூன்றே மாதத்தில் ஐந்தரை. கையைத் தட்டுங்கள்.' இருநூறு பேரும் தட்டினார்கள். அன்றைய கேள்வி: 'நேற்று நான் எதைக் கவனிக்காமல் விட்டேன்?'

ரத்தம் எடுக்கிற பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே நடந்தாள்.

ஹைருன் பீவிக்கு அறுபத்தொன்று. தெருவுக்கே அக்கா, எல்லோரும் லாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். முற்றத்தில் தினையைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாட்டி கிறிஸ்டி. நூறாயுசு ஒனக்கு, இப்பந்தான் நாத்தனா ஷரீபுன்னிசாட்ட ஒன்னயச் சொல்லிக்கிட்டிருந்தேன். இரி, கஞ்சி ஊத்துதேன்."

"கஞ்சி வேண்டாம் லாத்தா. கால்ல என்ன துணி?"

"இதா? போன வாரம் ஐந்தருவிக்குப் போனோம், நானும் நாத்தனாளும். பாறை வழுக்கி வெரல்ல அடி. மஞ்சப் பத்து போட்டிருக்கேன். காயவும் இல்ல, வலிக்கவும் இல்ல. சுகர்தான் போயிட்டே, தானா ஆறும். சாரல்ல குளிச்சா வயிறு காந்தும்லா, பார்டர் கடையில ரெண்டு பரோட்டா தின்னேன். ஏழு வருஷம் கழிச்சு. எல்லாம் ஒன் புண்ணியம்."

"மாத்திர?"

"ராத்திரி மாத்திரைய நிறுத்திட்டேன். இல்லாத நோய்க்கு என்னத்துக்கு மாத்திர?"

கிறிஸ்டி நின்றபடியே சொன்னாள். குழாய், தட்டு, ஜன்னல், போட்டோ எல்லாவற்றையும். சொல்லி முடிக்கும்வரை லாத்தா சுளகைக் கீழே வைக்கவில்லை.

"அப்ப எனக்கு எம்புட்டு?"

"ஒன்பது புள்ளி ஆறு."

"முன்னால ஒன்பது புள்ளி ஒண்ணுல்லா? கஞ்சி குடிச்சும் கூடிருக்கா?"

"எம்புட்டு குடிச்சிய?"

"காலையில ஒரு சொம்பு, மத்தியானம் ஒரு சொம்பு, ராத்திரி ஒண்ணு. நல்லதுன்னியே."

"நல்லதுன்னு எழுதுனேன். அளவு எழுதல. அளவு எழுதுனா படிக்க நல்லாருக்காதுன்னு விட்டுட்டேன்."

லாத்தா சுளகை வைத்தாள்.

"ஒண்ணு கேக்கேன். நான் பள்ளிக்கூடம் தாண்டாதவ. ஐந்தரைன்னா சந்தோசப்படத்தான் தெரியும். நீ படிச்சவ. மூணு மாசத்துல அம்புட்டு எறங்குமா?"

"எறங்குறது அபூர்வம். அப்படி வந்தா மறுபடி பாத்துட்டுத்தான் தாள் குடுக்கணும்."

"ஏன் பாக்கல?"

கிறிஸ்டி பெட்டியைக் கீழே வைத்தாள். வேலை நெருக்கடி என்று சொல்லலாம். கரண்டு போயிற்று என்று சொல்லலாம். சொன்னால் லாத்தா நம்பிவிடுவாள். அதுதான் பயமாக இருந்தது.

"நல்லாருந்துச்சு லாத்தா. நான் சொன்ன கஞ்சி, நான் சொன்னபடி எறங்கிருக்கு. குரூப்பில போட நல்லாருந்துச்சு."

லாத்தா குனிந்து கால் துணியைப் பார்த்தாள்.

"மாத்திரைய நிறுத்துனது என் கிறுக்கு. நீ நிறுத்தச் சொல்லல" என்றாள். "ஆனா இருநூறு பேரு கையத் தட்டுனா யாருக்குத்தான் புத்தி மட்டுப்படும்?"

"லாத்தா..."

"அழாத. அழ வந்தியா, ரத்தம் எடுக்க வந்தியா? எடு. பேர எழுதிட்டு எடு."

"எடுத்துட்டுத்தான் எழுதணும். எடுத்த கையோட, ஒங்க முன்னாலயே. அதான் முறை."

"முறை எல்லாம் சுத்தமாத் தெரிஞ்சிருக்கு ஒனக்கு."

கிறிஸ்டி ரத்தம் எடுத்தாள். எழுதும்போது குழாயின் வளைவில் 'ஹை' கோணிக்கொண்டது. லாத்தா குனிந்து பார்த்தாள். "கோணலா இருந்தாலும் எம்பேருதான். இருக்கட்டும்."

இருவரும் ஆட்டோவில் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் மஞ்சளைக் கழுவிப் புண்ணைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார். மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது என்று அதட்டினார்.

"யாரும் சொல்லல டாக்டரு" என்றாள் லாத்தா. கிறிஸ்டி வாயைத் திறந்தாள். லாத்தா அவள் கையைப் பிடித்து அமுக்கினாள்.

வெளியே வந்ததும் கையை விட்டாள். "உள்ள ஒன்னய விட்டுக்குடுக்கல. அது நமக்குள்ள. ஆனா எம்பேரச் சொல்லி கூட்டத்துல போட்டியே, அங்கனயே நீ சொல்லணும். என்னயப் பாத்து இன்னும் எத்தன பேரு மாத்திரைய நிறுத்தினாளுகளோ. எங்க ஷரீபுன்னிசாவே நிறுத்தலாமான்னு யோசிச்சுக்கிட்டுல்லா இருக்கா. இந்தா, என் வெரல வேணா படம் புடிச்சுப் போடு. பூ மாதிரி வைக்காண்டாம்."

மறுநாள் விடியும் முன்னே கிறிஸ்டி அனுப்பினாள். விரலைப் போடவில்லை. அதே ஆறு இதழ்ப் பூவைத்தான் போட்டாள். கீழே நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதினாள். சாப்பாடு: 'தினைக்கஞ்சி. எவ்வளவு என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். மாத்திரையை அவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.' அறிவியல்: 'பேரெழுதாத குழாய் யாருடைய ரத்தமும் இல்லை.' கேள்வி: 'நம்ப முடியாத எண் வந்தபோது ஏன் திரும்பப் பார்க்கவில்லை?' முதல் முறையாகப் பதிலையும் எழுதினாள்: 'நல்லாயிருந்தது. அதனால்தான்.'

அனுப்பிய நொடியிலேயே நாலு இதயம் வந்தது. பூவைப் பார்த்துப் போட்டவர்கள். அப்புறம் படித்திருக்கிறார்கள். ஒரு இதயம் மறைந்தது. இன்னொன்றும். கிறிஸ்டி சமையலறையில் நின்றபடி அவை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு பேர் குழுவை விட்டுப் போனார்கள். ஒருத்தி மட்டும் குரலில் கேட்டாள்: "நானும் மாத்திரைய நிறுத்திட்டேங்க்கா. இன்னைக்கே போட்டுக்கலாமா, டாக்டரப் பாத்துட்டுப் போடவா?"

"இப்பமே டாக்டருக்குப் போன் பண்ணும்மா" என்று கிறிஸ்டி பேசி அனுப்பினாள். நடுவில் குக்கர் விசிலும் பதிவாகிவிட்டது. அழித்துவிட்டுத் திரும்பப் பேசவில்லை.

ஏழு மணிக்குக் கூடத்தைத் திறந்தாள். முதலில் வந்தது ஷரீபுன்னிசா. வெறும் வயிற்றோடு உட்கார்ந்து கையை நீட்டினாள். ஊசி போனது, குழாய் நிறைந்தது. கிறிஸ்டி பேனாவை எடுத்தாள்.

"எழுதுனத எனக்குக் காட்டுங்க" என்றாள் ஷரீபுன்னிசா. கோபமாகச் சொல்லவில்லை. கடையில் எடைத்தட்டைப் பார்க்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள்.

இருபத்தோரு வருஷத்தில் ஒருவரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. கிறிஸ்டி குழாயைத் திருப்பி, பேர் தெரியும்படி நீட்டினாள். அடுத்து உட்கார்ந்திருந்தவரும் எட்டிப் பார்த்தார்.