காத்தாயி கடை நடந்த வருஷங்கள்

காத்தாயியின் டீக்கடை முதன்முதலாக எழுந்து நடந்தது 1954ஆம் வருஷம் ஐப்பசி மாதம் ஒரு புதன்கிழமை உச்சிவேளையில். அன்றைக்குப் புதுக்கோட்டைச் சந்தையில் மிளகாய் வற்றல் வீசை ஒரு ரூபாய் இரண்டணா. கடைக்குள் அப்போது மூன்று பேர் இருந்தார்கள். நாலு காலும் ஒவ்வொன்றாகக் குழியைவிட்டுக் கிளம்பி, மேயப்போகும் மாட்டின் வேகத்தில் கடை ரோட்டைக் கடந்து ஊருக்குள் திரும்பியபோதுகூட அவர்கள் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. ஓரணா கொடுத்து வாங்கிய டீ, யார் விடுவார்? கூரையில் ஒரு கீற்று நழுவவில்லை, அடுப்பும் அணையவில்லை. நெரிஞ்சிவயல் நடுத்தெருவில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்று, மூன்று நாள் அங்கேயே இருந்தது. குடத்தோடு தண்ணீருக்குப் போயிருந்த காத்தாயி திரும்பி வந்து பார்த்தபோது, பஸ் நிற்கும் வளைவில் நாலு குழிகள் மட்டும் இருந்தன. அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு குழியாகக் குனிந்து பார்த்தாள்.

அந்தக் கடை அவள் ஒருத்தி காசில் எழுந்ததல்ல. புருஷன் நாகராசு பினாங்குக்குக் கப்பலேறிப் போய் ஏழு வருஷமாக ஒரு வரி கடிதம் இல்லை; இருந்த அரைக் காணி வானத்தைப் பார்த்துக் கிடந்தது. ஆகவே அந்த வருஷம் ஆவணியில் அவள் மொய் விருந்து வைத்தாள். அந்தப் பக்கத்தில் கைமுதல் இல்லாதவர்கள் தொழில் தொடங்க அதுதான் வழி. இரண்டு ஆடு அடித்து ஊரைக் கூப்பிட்டுக் கறிச்சோறு போடுவார்கள். சாப்பிட்டவர்கள் கையலம்பிவிட்டு, ஆனதைக் கொடுத்து நோட்டில் பேர் எழுதிவிட்டுப் போவார்கள். பின்னால் அவரவர் விருந்து வைக்கும்போது, வாங்கியவர் போய்ச் சாப்பிட்டு, வாங்கியதோடு கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். வைக்காதவர் பேரைப் பந்தியில் நாலு பேர் கேட்கப் படிப்பார்கள். அப்படிப் படிக்கப்பட்ட ஒருவர் அதே வாரம் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனதைக் காத்தாயி சிறு வயதில் பார்த்திருக்கிறாள். அவளுக்கு மொய் எழுதியவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். நோட்டு எழுதியது பெரியப்பா மகன் அடைக்கலம். கையெழுத்து மணி மணியாக இருக்கும், அதனாலேயே கொஞ்சம் தலைக்கனம்.

கடை நடக்கிறதென்றால் பாக்கியைக் கேட்டுத்தான் நடக்கிறது என்று ஊர் முடிவு செய்தது. யார் வாசலில் நிற்கிறதோ அவர்களுக்கு மொய் திரும்ப வேண்டியிருக்கிறது, அல்லது அவர்களே யாருக்கோ திருப்ப வேண்டியிருக்கிறது. இதனால் ஒரு நன்மை நடந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. வாசலில் டீக்கடை வந்து நின்று தெருவே பார்க்கும்படி ஆகிவிடக்கூடாதே என்று பயந்து, பத்து வருஷமாக இழுத்தடித்தவர்கள்கூட வாங்கிய மொய்யைத் தேடிப்போய் வைத்தார்கள். அப்படிக் கைக்குக் கை சுற்றிய பணத்தில் இரண்டே வருஷத்துக்குள் ஊரில் ஒரு எண்ணெய்ச் செக்கும், சைக்கிள் வாடகைக் கடையும், தையல் மிஷினும் வந்துவிட்டன. கிளம்பாமல் போனது காத்தாயியின் வியாபாரம் ஒன்றுதான். கடை நின்ற வாசலுக்கெல்லாம் அவள் ஓடினாள், அந்த வீட்டுக்காரர் விருந்து வைக்கும்வரை காத்திராமல் கடன் வாங்கியாவது மொய்யைத் திருப்பினாள். கடை அதை வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. கொல்லைப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து பார்க்கும், இரண்டு நாளோ மூன்று நாளோ நிற்கும், மறுபடி கிளம்பிவிடும்.

அவளும் சும்மா இருக்கவில்லை. காலுக்குக் கால் செம்பூறாங்கல் வைத்துக் கட்டிப் பார்த்தாள், கல்லோடு நடந்தது. பூசணிக்காய் உடைத்தாள், சிதறிய துண்டுகளை மிதிக்காமல் தாண்டிப் போனது. தேர்வடம் போன்ற கயிற்றால் புளியமரத்தில் கட்டினாள். மரம்தான் கிழக்கே சாய்ந்தது, இன்றும் சாய்ந்தே நிற்கிறது. மூன்று தடவை கடை ஊரைவிட்டு வெளியேறிக் கிழக்கே கண்மாய்க்கரை ஏறப் பார்த்தது; எல்லை தாண்டினால் கைவிட்டுப் போய்விடும் என்று மூன்று தடவையும் நாலு ஜோடி மாடு பூட்டி இழுத்து வந்து வளைவில் நிறுத்தினார்கள். காத்தாயிக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. சோற்றை நின்றுகொண்டே தின்றாள். கண்ணை மூடினால் கால் மட்டும் தானாக அசைந்தது. போதாக்குறைக்கு, 1958இல் பஸ் கண்டக்டர் பழனிச்சாமி வந்து சொல்லிவிட்டுப் போனார். கம்பெனியில் டீக்குப் பத்து நிமிஷம் பஸ்ஸை நிறுத்த உத்தரவாகப் போகிறது. கடை இந்த ஆவணி முழுக்க வளைவில் நின்றால் இங்கே நிறுத்துவார்கள், இல்லாவிட்டால் அடுத்த ஊரில் வேறொருவர் கொட்டகை போட்டுக் காத்திருக்கிறார். பஸ் போய்விட்டால் கடையும் போயிற்று. நோட்டில் இன்னும் முப்பத்தொரு பேர் பாக்கி. தன் பேரைப் பந்தியில் அடைக்கலம் அண்ணன் மணி மணியான குரலில் படிப்பது அவள் காதில் இப்போதே விழுந்தது.

ஆவணி பிறந்து நாலாம் நாள் கடை மறுபடி காலைத் தூக்கியது. காத்தாயி அழுதுவிட்டாள். அழுதுகொண்டே, போகாதே என்று மனுஷனைப் பிடிப்பதுபோலக் கடைசிக் காலைக் கட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அந்தக் காலின் அடியில் ஒட்டியிருந்த காசைப் பார்த்தாள். சமஸ்தானம் இருந்தபோது நவராத்திரிக்கு அரிசியோடு ஏழைபாழைகளுக்குக் கொடுத்த அம்மன் காசு; 1948இல் சமஸ்தானம் போனதோடு அதன் மதிப்பும் போனது. கால் நடும்போது அதைக் குழியில் போட்டது அவளேதான். அதைக் கொண்டுவந்தவள் கண்மாய்க்கு அந்தப்புறச் சேரியிலிருந்து கடைத் தரைக்கு மண் சுமந்த சின்னப்பிள்ளை. விருந்தன்று எல்லாரும் சாப்பிட்டுப் போனபிறகு, கொல்லை வேலிக்கு வெளியே நின்று அந்த ஒற்றைக் காசை நீட்டினாள். அடைக்கலம் வாங்கிப் புரட்டிப் பார்த்து, “இது செல்லாத காசு. செல்லுனாலும், எலையில ஒக்காராதவங்க பேரை நோட்டுல எழுதுற வழக்கமில்ல” என்றார். “எழுத வேணாம்யா. ஒரு பொம்பளை கடை போடுறாங்க. கடைக்கு ஆகட்டும்” என்று சொல்லிவிட்டு அவள் போகாமல் நின்றாள். ஏன் நின்றாள் என்று காத்தாயிக்குத் தெரியும். “சோறு தீந்துபோச்சு சின்னப்பிள்ளை, நாளைக்கு வா, போடுறேன்” என்றாள். மறுநாள் கால் நடும் வேலை இருந்தது. அதற்கு மறுநாளும் ஏதோ வேலை. நாலு வருஷத்தில் அவளுக்கு அது ஒருநாள்கூட ஞாபகம் வரவில்லை. கடை மறக்கவில்லை.

அன்று அவள் கடையைக் கெஞ்சினாள், ஒருநாள் பொறு என்று. தூக்கிய காலைக் கடை இறக்கி வைத்தது. மறுநாள் காலையில் திருவரங்குளத்திலிருந்து கறி எடுத்துவரச் செய்து, கடை அடுப்பிலேயே குழம்பு கொதிக்க வைத்து, சோறு வடித்து, வாழை இலை ஒன்றை நனைத்து மடியில் வைத்துக்கொண்டு, கயிற்றையெல்லாம் அறுத்துவிட்டாள். உச்சிவேளைக்குக் கடை கிளம்பி, எந்த வாசலிலும் நிற்காமல், நேரே கண்மாய்க்கரை ஏறி இறங்கியது. நோட்டும் கையுமாக அடைக்கலம் பின்னாலேயே ஓடிவந்தார். “காத்தாயி, சொல்றதைக் கேளு. இங்கிட்டு எலை போட்டீன்னா அங்கிட்டு ஒருத்தன் ஒன் கடையில வாய் வைக்கமாட்டான். முப்பத்தொரு பேரு மொய்யை எதை வச்சுத் திருப்புவ?” அவர் சொன்னது பொய்யில்லை. பஸ் தங்கினாலும் ஊர் தங்காது, இரண்டும் போனால் அவள் பேர் பந்தியில் படிக்கப்படும். காத்தாயி கடையை விட்டு இறங்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

சின்னப்பிள்ளையின் குடிசை வாசலில் கடை நின்றது. முந்திரிக்கொட்டை உடைத்துக் கரிபிடித்த கையோடு அவள் எட்டிப் பார்த்தாள். கடை நடக்கும் சங்கதி ஊரறிந்தது, அதற்கு அவள் ஆச்சரியப்படவில்லை. பெஞ்சின்மேல் போட்டிருந்த இலையைப் பார்த்தாள், காத்தாயியைப் பார்த்தாள்.

“நாலு வருஷம் ஆச்சு ஆத்தா. பசி அன்னைக்குல்ல இருந்துச்சு” என்றாள்.

காத்தாயி தப்புதான் என்று சொல்ல நினைத்து, “உள்ள வாங்க. ஒக்காருங்க” என்று மட்டும் சொன்னாள். அந்த ‘வாங்க’வைக் கேட்டு அடைக்கலத்தின் கையிலிருந்து பேனா விழுந்தது. சின்னப்பிள்ளை உள்ளே போய்ச் சாவகாசமாகக் கை கழுவி, முகம் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்து, கடையில் ஏறி இலையின்முன் உட்கார்ந்தாள். சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. அவள் முதல் கவளத்தை எடுத்ததும் கடை திரும்பி நடக்கத் தொடங்கியது.

வந்த வழியே கரை ஏறி, நடுத்தெரு வழியாக, நூற்றுப் பன்னிரண்டு வாசல்களையும் கடந்து கடை போனது. எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். சின்னப்பிள்ளை தலை நிமிராமல் சாப்பிட்டாள். சைக்கிள் கடைக்கு எதிரே வந்தபோது இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கினாள். ஒரு பருக்கை சிந்தவில்லை. வளைவுக்கு வந்ததும் நாலு காலும் பழைய குழிகளுக்குள் ஒரே சமயத்தில் இறங்கின, சைக்கிள் சங்கிலி பல்லில் விழுகிற மாதிரி. பழனிச்சாமியின் பஸ்ஸும் அப்போதுதான் வந்து நின்றது. அடைக்கலம் முணுமுணுத்துக்கொண்டே நோட்டை விரித்து, நூற்றுப் பதின்மூன்றாவதாக எழுதினார்: சின்னப்பிள்ளை, அம்மன் காசு ஒன்று. கையெழுத்து வழக்கம்போல நன்றாகவே இருந்தது.

ஊர் நாற்பத்தொரு நாள் அந்தக் கடையில் டீ குடிக்கவில்லை. பஸ்ஸில் வந்தவர்களுக்கு ஊர் வழக்கம் தெரியாது, டீ வாசனை தெரியும். அன்றைக்குப் பிறகு ஆவணி முடியும்வரை கடை அசையாததால் பத்து நிமிஷ உத்தரவும் வந்துவிட்டது. நாற்பத்திரண்டாம் நாள் மழையில் இரண்டு பேர் ஒதுங்கினார்கள், ஒதுங்கியவர்கள் குடித்தார்கள். சிலர் கடைசிவரை வரவே இல்லை, அவர்களுக்குச் சேர வேண்டிய மொய்யையும் காத்தாயி ஒன்றுவிடாமல் கூட்டி வைத்தாள். அவள் பேர் எந்தப் பந்தியிலும் படிக்கப்படவில்லை. அதற்கப்புறம் அவள் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள், ஆனால் கடை லேசாகக் கிறீச்சிட்டாலும் எழுந்து கால்களைப் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை ஆவணியில் உச்சிவேளைக்கு நாலு காலும் ஒரு விரல்கடை எழும்பும். சின்னப்பிள்ளைக்கு இலை போட்டதும் இறங்கிவிடும்.

1963இல் சின்னப்பிள்ளை முந்திரிக்கொட்டை வறுக்கும் கொட்டகை போடுவதற்காகத் தன் வீட்டில் மொய் விருந்து வைத்தாள். குடியானவத் தெருவிலிருந்து பதினேழு பேர் போனார்கள், அதில் ஒன்பது பேர் இலையில் உட்கார்ந்தார்கள். அடைக்கலம் அந்த ஒன்பதில் இல்லை. ஆனால் எழுத வேறு ஆள் சரிப்படாது என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு அவரே போனார். ஒரு செல்லாத காசுக்கு எதைத் திருப்பி வைப்பது, அதோடு எதைக் கூட்டுவது என்று காத்தாயி பத்து நாளாகத் தவித்துக்கொண்டிருந்தாள். விருந்தன்று காலை அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதே, கடை பாய்லரும் பெஞ்சுமாக எழுந்து கண்மாய்க்கரைப் பக்கம் நடக்க ஆரம்பித்தது. இந்தத் தடவை அவள் அழவில்லை. சேலையை உதறிக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போய், நடக்கிற கடையில் ஏறிக்கொண்டாள்.

பத்தரை மணி பஸ் வந்து வளைவில் நின்றது. இறங்கியவர்கள் நாலு குழிகளைப் பார்த்துவிட்டு, இங்கே இருந்த கடை எங்கே என்று கண்டக்டரைக் கேட்டார்கள். பழனிச்சாமி டிக்கெட் கட்டைப் பையில் வைத்துக்கொண்டே, “மொய் செய்யப் போயிருக்கு, வந்துரும். நிழல்ல ஒக்காருங்க” என்றார். அவர்கள் சாய்ந்த புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.