ஆர்தர் இல்லாத ஆர்தர் கதை

அந்தப் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவளுக்கு 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். கூப்பிட்டால் அவளும் கோபித்துக்கொள்வதில்லை. சரித்திர நாவல் எது வந்தாலும் ஓரத்தில் பென்சிலால் "ஆதாரம்?" என்று எழுதித் தள்ளுவாள். எழுதியவர் ஆதாரம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதை எடுத்துவிட வேண்டும். அங்கே சட்டம் அப்படி.

இந்த முறை எழுதியது அவளுடைய அண்ணி. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துக்கொண்டே, ஏழு வருடமாக ஆர்தர் அரசனைப் பற்றி எழுதியிருந்தாள். கல்லில் செருகிய வாளும் மந்திரவாதியும் இல்லாத ஆர்தர். ரோமப் படை கைவிட்டுப் போன தீவில், நாலு ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு குதிரையில் அலைகிற வெறும் படைத்தலைவன். ஏற்கெனவே இரண்டு பதிப்பகங்கள் கையை விரித்துவிட்டன. சந்தேகம் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

சொந்தக்காரி என்று விட்டுக்கொடுத்தாள் எனப் பேச்சு வந்துவிடக் கூடாதல்லவா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். வீரர்கள் தின்ற உருளைக்கிழங்கு போனது. குதிரை ஏறக் கால் வைக்கும் அங்கவடி போனது. கற்கோட்டையும் போனது. அண்ணி மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டே வந்தாள். கடைசிச் சுற்றில், ஆர்தர் என்ற பெயர் முதன்முதலில் வரும் இடத்திலேயே சந்தேகம் "ஆதாரம்?" என்று எழுதிவிட்டாள். கைப்பழக்கம்தான். எழுதியதுகூட அவளுக்கு நினைவில்லை.

வியாழக்கிழமை காலையில் அண்ணியிடமிருந்து தாள்கட்டு திரும்பி வந்தது. படித்தாள், தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆற்றுத்துறையில் ஐம்பது பேர் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். யாருக்காக? ஒரு கிழவி ரொட்டியை எடுத்து வைத்துவிட்டு வழியைப் பார்க்கிறாள். யாரும் வரவில்லை. போரில் ஜெயித்துவிடுகிறார்கள், யார் நடத்திய போர் என்று தெரியவில்லை. தாள் மாறிவிட்டதோ என்று பக்க எண்களைச் சரிபார்த்தாள். எல்லாம் வரிசையாகத்தான் இருந்தன.

மதியச் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு மருந்துக்கடைக்கு ஓடினாள்.

"அண்ணி, ஆர்தர் எங்க?"

"எடுத்துட்டேன். நீதானே ஆதாரம் கேட்ட?"

அண்ணி குத்திக்காட்டவில்லை. இரண்டு லீவு நாள் நூலகத்தில் தேடினாளாம். அந்தக் காலத்து ஏடு எதிலும் அவன் பெயர் இல்லையாம், முந்நூறு வருடம் கழித்துத்தான் வருகிறதாம். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே என்று பெயரோடு ஆளையும் எடுத்துவிட்டாளாம்.

ஆதாரம் இல்லை என்பது உண்மை. அவன் இல்லாமல் அந்த ஐம்பது பேரும் பைத்தியம் மாதிரி நிற்பதும் உண்மை. தான் செய்தது சரியா தப்பா என்று சந்தேகத்துக்குப் பிடிபடவே இல்லை. பழைய கட்டு தன் மேஜையில்தான் இருக்கிறது, திரும்பப் போட்டுவிடலாம் என்று கெஞ்சினாள்.

"போட்டுப் பார்த்தேன், ஒட்டல," என்றாள் அண்ணி. "ஒருதடவை இல்லேன்னு முடிவு பண்ணின பிறகு எனக்கே அவன் முகம் வரல. புத்தகம் வேண்டாம்னு முதலாளிகிட்ட சொல்லிடு."

மருந்துச்சீட்டோடு ஒருவர் வந்தார். அண்ணி மாத்திரை எண்ணிக் கொடுத்து முடிக்கும்வரை சந்தேகம் ஓரமாக நின்றாள்.

"அவனுக்குக் குளிர் ஆகாது, அண்ணி," என்றாள் திடீரென்று.

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள்.

"குதிரையை விட்டு இறங்கினா முதல் பத்தடி நொண்டுவான். யாரும் பாக்கலைன்னு நினைச்சுப்பான். ஆனா அந்தக் கிழவி பாத்துடுவா."

இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கே விளங்கவில்லை. பழைய கட்டில் இப்படி ஒரு வரி கிடையாது. எந்த ஏட்டிலும் இருக்கவும் முடியாது.

அண்ணி ஒரு மாத்திரைக் கவரைக் கவிழ்த்துப் போட்டுப் பேனாவைத் திறந்தாள்.

"எந்தக் கால்?" என்று கேட்டாள்.