டவர் இல்லாத காட்டில் ஒரு போன்

மன்னவனூர்க் கேரட் காட்டில் அன்று பிடுங்க வந்தவர்களில் அன்னக்கொடிதான் புது ஆள். சொல்லப்போனால் பழைய ஆள்தான், புதிதாகத் திரும்பி வந்திருந்தாள். போன வருசம் இதே காட்டில் பாதி வேலையில் எழுந்து மேலே அடர்ந்து கிடந்த மலைச் சோலைக்குள் ஓடிவிட்டாள். காதுக்குள் ஒருத்தன் ஓடு ஓடு என்று விரட்டினானாம். வேலைக்கு ஆள் கூட்டிப்போகும் கருப்பம்மாள்தான் முள்ளில் சேலை கிழியத் தேடி அவளை இழுத்துவந்தாள். அப்புறம் ஆஸ்பத்திரி, மாத்திரை, மாசம் ஒரு ஊசி. இப்போது நன்றாகத் தூங்குகிறாள், சமைக்கிறாள், புருசனோடு சண்டைகூடப் போடுகிறாள். ஆனால் சும்மா உட்கார்ந்து தின்கிற சோறுதான் தொண்டையில் இறங்கவில்லை.

"இன்னைக்கு ஒருநாப் பாப்பேன். காத்தோட பேசிக்கிட்டு நின்னே, அப்பவே வீட்டுக்கு அனுப்பிருவேன். மறுபடி சோலைக்குள்ள ஓட எனக்கு முட்டி இல்ல, ஆத்தா" என்றாள் கருப்பம்மாள்.

அன்னக்கொடி தலையாட்டினாள். இடுப்பில் பழைய பட்டன் போன் ஒன்றைச் செருகியிருந்தாள். காதுக்குள் இருந்தவன் அடங்கியிருந்தானே தவிர, இடத்தைக் காலி செய்யவில்லை. அதற்கு ஊசி போடும் நர்ஸ் சுசித்ரா ஒரு வழி சொல்லியிருந்தாள். "ரொம்பப் படுத்துனான்னா போனைக் காதுல வச்சுக்கங்க. அப்புறம் பேசுன்னு சொல்லிட்டு கட் பண்ணிருங்க. பாக்குறவங்களுக்கும் வித்தியாசமாத் தெரியாது."

டீ குடித்து முடித்துப் பாத்தியில் குனிந்ததுமே அவன் ஆரம்பித்தான். உனக்குப் பிடுங்கத் தெரியல. கருப்பம்மா உன்னைத் துரத்தப் போறா. ஓடு.

அன்னக்கொடி போனை எடுத்தாள். "யோவ், வேலை நேரத்துல கூப்பிடாதன்னு எத்தனை தடவ சொல்றது? உனக்குத்தான் சோலி இல்ல, எனக்குமா இல்ல? அப்புறம் பேசு!"

காடே நிமிர்ந்து பார்த்தது. பக்கத்துப் பாத்திப் பாப்பம்மாளின் கையிலிருந்த கேரட் கீழே விழுந்தது.

"அடியே, உனக்கு இங்க டவர் கெடைக்குதா?"

அந்தக் காட்டில் எவருக்கும் டவர் கிடைத்ததில்லை. பேச வேண்டுமானால் ரோட்டு வளைவுப் பாறையில் ஏறிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். நர்ஸுக்கு அது தெரியாது, அன்னக்கொடிக்கு மறந்துவிட்டது. சேற்றில் வழுக்கிக்கொண்டு அத்தனை பேரும் ஓடிவந்தார்கள்.

"எந்த சிம்முடி?"

"ஒரு நிமிசம் குடுடி, எம்மக மாசமா இருக்கா!"

"எனக்கு அப்புறம்தான் உனக்கு!"

கைமாறிக் கைமாறிப் போன போனைப் பாப்பம்மாள் பின்பக்கம் கழற்றினாள். "இதுல சிம்மே இல்லையேடி!"

கூச்சல் அப்படியே நின்றது. கருப்பம்மாள் சேற்றுக் கையோடு வந்துகொண்டிருந்தாள். பாத்தியா, சொன்னேன்ல என்றான் காதுக்குள் இருந்தவன். பொய் சொல்ல அன்னக்கொடிக்கு வாய் வரவில்லை.

"அவன்தான்க்கா. ஓட மாட்டேன். இப்படி ரெண்டு வசவு வஞ்சா அடங்கிருவான். நர்ஸம்மா சொன்னாங்க."

கருப்பம்மாள் முறைத்தாள். "இப்ப என்ன சொல்றான்?"

"நீங்க என்னையத் துரத்திருவீகன்னு சொல்றான்."

கருப்பம்மாளுக்கு ஒன்று மட்டும் ஆகாது. அவள் பேரைச் சொல்லி அடுத்தவர் நாட்டாமை செய்வது.

"கொண்டா போனை! ஏலே எடுபட்ட பயலே, என் ஆளை வைக்கிறதும் விரட்டுறதும் நான்டா! நீ என்ன காட்டு ஓனரா? ஒரு பாத்தி பிடுங்கிப் பாருடா, இடுப்பு கழண்டுரும்! அவ இங்கதான் இருப்பா, போடா!"

"எனக்குக் குடுக்கா!" பாப்பம்மாள் பிடுங்கிக்கொண்டாள். "எம்புருசனைத்தான் வைய முடியல, இவனையாச்சும் வஞ்சுக்கிறேன்!"

வைதவர்கள் பாதி, சிரித்துச் சேற்றில் உட்கார்ந்தவர்கள் பாதி. அன்னக்கொடிக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது, மூக்கு ஒழுகியது.

மத்தியானத்துக்கு மேல் அவன் மறுபடி வந்தான். அவள் போனைக் காதில் வைத்தாள். பாப்பம்மாள் நிமிராமலே, "அவனா? நான் கேட்டேன்னு சொல்லு" என்றாள்.

சாயங்காலம் மூட்டையைக் கட்டிக்கொண்டே கருப்பம்மாள் சொன்னாள்: "மாத்திரையப் போட்டுத் தூங்கிட்டு, நாளைக்கு வெள்ளனே வந்துரு. போனை மறந்துராத. அவனுக்கு இன்னும் பாக்கி கெடக்கு."