ஏழாம் நம்பர் கால்

எங்கள் குடும்பத்தில் யாரும் வெளியார் முன்னால் நொண்டி நடந்ததில்லை. மருமகள் மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்குவதைக் கொஞ்ச நாள் பார்த்தேன். பொறுக்கவில்லை. ஒரு மாலை நானே அவளை ஷூ கடைக்குக் கிளப்பினேன். மகனை அனுப்பியிருக்கலாம். அவன் பெண்டாட்டி எதைச் சொன்னாலும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவான். கைக்குழந்தையை அவன் மடியில் போட்டுவிட்டு வந்தோம்.

மருமகளுக்கு வங்கியில் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே வங்கியின் கூடைப்பந்து அணியில் ஆடியவள். பிரசவத்துக்குப் பிறகு, வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தேர்வு ஆட்டம். அன்று ஒழுங்காக ஓடாவிட்டால் இந்த வருடம் அணியில் இடமில்லை. பழைய ஷூவோடு பயிற்சிக்குப் போய் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. கேட்டால், "ஷூ பழசாயிடுச்சு மாமா, அதான்" என்றாள்.

கடையில் அவள் பேசியதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. விற்பனைப் பெண் நீட்டிய முதல் ஜோடியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தடவினாள்.

"இது வெளி மைதானத்துக்கு. ரப்பர் கல்லு மாதிரி இருக்கு. நாங்க ஆடறது உள்ளரங்கத்துல, மரத்தரை. தரையைக் கவ்வணும்."

அடுத்ததன் குதிகால் பக்கத்தை அமுக்கினாள். விரல் மடியும் இடத்தில் வளைத்தாள். ஷூவின் நடுப்பகுதியைப் பிடித்து முறுக்கினாள். ஒன்றிரண்டைத் தள்ளிவிட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டாள். "இதுதான். ஏழாம் நம்பர் குடுங்க."

ஆட்டத்துக்குப் போடும் தடித்த காலுறையை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"கச்சிதம் மாமா."

முகத்தில் அந்தக் கச்சிதம் இல்லை.

"அரை நம்பர் பெருசு பாக்கறீங்களா மேடம்?" என்றாள் விற்பனைப் பெண்.

"ஏழரையா? கேக்கவே நல்லால்ல. காலேஜ்லேர்ந்து நான் ஏழுதான்."

"குதிச்சுப் பாரு" என்றேன்.

"இத்தனை பேர் முன்னாடியா? நம்ம வீட்டுப் பொண்ணுங்க நாலு பேர் இருக்கற இடத்துல அடக்கமா இருக்கணும்னு நீங்கதானே மாமா சொல்வீங்க?"

சொன்னவன்தான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தேன். எனக்கு முட்டி லேசில் மடங்காது. யார் முன்னும் குனிகிற வழக்கமும் இல்லை. கட்டைவிரலால் அவள் ஷூ நுனியை அழுத்தினேன்.

"ஐயோ மாமா! என் கால்ல போய்... எழுந்திருங்க, எல்லாரும் பாக்கறாங்க!"

"பாக்கட்டும். நம்ம வீட்டுக் கால்தானே. விரல் முட்டுது பாரு, நகம் வைக்க இடமில்ல."

அவள் பொத்தென்று உட்கார்ந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"எல்லாமே மாறிப்போச்சு மாமா. உடம்பு, தூக்கம், முடி... காலாவது பழைய ஏழா இருக்கட்டும்னு நெனச்சேன். நம்பர் ஏறிட்டா, அந்தப் பழைய ஆட்டமும் வராதோன்னு பயமா இருக்கு."

ஆறுதல் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மனதில் வந்ததைச் சொன்னேன். "உன் வீட்டுக்காரன் பொறந்தப்ப உன் அத்தைக்கும் கால் பெருத்துடுச்சு. கல்யாணச் செருப்புல விரலே நுழையல. மூணு நாள் அந்தச் செருப்பைத் திட்டினா. நான் சொன்னேன்னு சொல்லிடாத, என்னைக் கொன்னுடுவா."

அழுகையின் நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏழரையை ரெண்டு தடவை பாத்து எழுந்தவன் நான். ஒண்ணும் பண்ணாது. போடு."

ஏழரை வந்தது. கயிற்றை அடியிலிருந்து ஒவ்வொரு கண்ணாக இழுத்துக் கட்டினாள். விரலுக்கு இடம் இருந்தது, குதிகால் வழுக்கவில்லை. இனி ஓடிப் பார்த்தால்தான் தெரியும். அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

விற்பனைப் பெண்ணின் கையைப் பிடித்து எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அலமாரிகளுக்கு நடுவே இருந்த வழியை மறித்து நின்றேன். எதிரே ஒரு குடும்பம் வந்தது.

"கொஞ்சம் நில்லுங்க. எங்க வீட்டுப் பொண்ணு ஓடப்போறா."

என் முதுகுக்குப் பின்னால் தரை கிறீச்சிட்டது. ஓட்டம், சட்டென்று ஒரு நிறுத்தம், திரும்பல், மறுபடி ஓட்டம். பிறகு ஒரு கணம் சத்தமே இல்லை. அப்புறம் இரண்டு காலும் தரையில் விழும் ஓசை.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் வாய் பிளந்திருந்தது. அது போதும்.