ஆளுக்குப் பாதி

1

“ஒரே ஒரு வரிய்யா. நாங்க இல்லன்னு ஒரு வரி…”

“போட்டப்புறம் அத்த அழிக்க முடியுமா? மொதல்ல அதச் சொல்லு.”

“அழிக்க முடியாதுன்றதாலதான…”

“அதான் நானும் சொல்லிக்கினு இருக்கேன். அழிக்க முடியாது.”

“என் பாதி ரெடியா இருக்குது. உன் பாதியத் தர இன்னா உனக்கு?”

“பஸ்ல கத்தாத ஏஞ்சலு.”

செவிலிமேட்டிலிருந்து காஞ்சிபுரம் வரும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கேட்டது இவ்வளவுதான். மீதியெல்லாம் நான் சேர்த்தது. ஏதோ சீட்டுப் பணத் தகராறு என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்குக் கதை எப்போதும் பேச்சாகத்தான் வரும். முகம் பிறகு வரும், சில சமயம் வராமலே போய்விடும். இவர்கள் முகத்தையும் நான் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்திருந்த அவன் கையைப் பார்த்தேன். மணிக்கட்டு வரை அரக்குச் சிவப்பு. பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன் கை. அவனுக்கு சாமுவேல் என்று பெயர் வைத்தேன்.

2

ஏஞ்சலின் தெருவில் குழாய்த் தண்ணீர் நிறம் மாறி வருவதாகப் பொதுமக்கள்…

[வேண்டாம். பேப்பர் செய்தி மாதிரி இருக்கிறது.]

சாமுவேல் வேலை முடிந்து வந்ததும் அவன் மனைவி ஏஞ்சல் கேட்கும் முதல் கேள்வி, “இன்னிக்கு இன்னா கலரு?” கேலியாக ஆரம்பித்ததுதான். அவன் கையில் மாம்பழ மஞ்சள் என்றால் ஓரிரு நாளில் தெருக்குழாயிலும் அதே மஞ்சள் வந்தது. அரக்கு என்றால் அரக்கு. சாயப்பட்டறை* கழிவை எங்கே விடுகிறது என்று கண்டுபிடிக்க அவளுக்குப் புருஷன் கையே போதுமாக இருந்தது. அவள் தன் பெயர் சொல்லாமல் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினாள். தெருப் பெண்கள் குடத்துத் தண்ணீரைப் படம் எடுத்து, நடத்துவது யார் என்று தெரியாமலே அதற்கு அனுப்பினார்கள். பக்கத்தின் பெயரும் அந்தக் கேள்விதான்.

யாரோ கூட்டமாகப் புகார் செய்து அதை மூடவைத்தார்கள். ஏஞ்சல் இணையத்தில் வேறொரு இடத்தை வாடகைக்கு எடுத்தாள். பேங்க் வழியாக வாடகை கட்டினால் பெயர் தெரிந்துவிடும் என்று டிஜிட்டல் காசில் கட்டினாள்.

* பட்டறைக்கு ஒரு பெயர் வைத்து அடித்துவிட்டேன். ஏஞ்சல் யார் பெயரையும் போடவில்லை, நிறத்தை மட்டும் போட்டாள். நானும் அப்படியே.

3

இங்கே நான் தடுமாறி நின்றேன். டிஜிட்டல் காசு என்றால் சூதாட்டம் என்பதுதான் என் எண்ணம். சின்ன காஞ்சிபுரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அருளிடம் போய்க் கேட்டேன்.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இது. அந்தக் காசுக்கு மேனேஜர் கிடையாது. சில ரகசியச் சொற்களைத் தெரிந்தவர்தான் அதை நகர்த்த முடியும். நகர்த்தும்போது கூடவே ஒரு சின்ன வரியையும் கோத்து அனுப்பலாம். உலகமெங்கும் இருக்கும் கம்ப்யூட்டர்களில் அந்த வரி பதிந்துவிடும். அந்தச் சொற்களை வைத்திருப்பவர்தான் அனுப்பினார் என்று யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். போலி செய்ய முடியாது. மந்திரி போன் போட்டாலும் அழிக்க முடியாது. எல்லாம் வெறும் கணக்கு.

கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். எத்தனை அழகான பூட்டு! ஒரு பத்தியை அடித்து அடித்து எழுதுகிறவள் நான். அடிக்கவே முடியாத ஒரு வரியை எழுதச் சொன்னால் என்ன எழுதுவேன்?

அந்தச் சொற்களை இருவரும் ஆளுக்குப் பாதியாக மனப்பாடம் செய்திருந்தார்கள். யோசனை சாமுவேலுடையது.

“உனக்குக் கோவம் வந்தா எதையாச்சும் எழுதிப்புடுவ. எனக்கு பயம் வந்தா எல்லாத்தையும் மூடிப்புடுவேன். ஆளுக்குப் பாதி வெச்சிக்கலாம்மா.”

தன் பயத்தை இப்படி முன்கூட்டியே எடைபோட்டுச் சொல்லும் ஆணை என் கதைகளில் நான் இதுவரை எழுதியதில்லை.

4

பிறகு ஒரு போலிப் பக்கம் வந்தது. அதே பெயர், அதே குடம். குடத்தில் தெளிந்த தண்ணீர். ‘பிரச்சினை தீர்ந்தது, நன்றி’ என்று எழுதியிருந்தது. தெருப் பெண்கள் படம் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். பட்டறைக்காரரோடு சமாதானமாகப் போய்விட்டீர்களாமே என்று எதிர்வீட்டு காந்தா குழாயடியில் கேட்டாள். பக்கம் ஏஞ்சலுடையது என்று தெரிந்தவள் காந்தா மட்டும்தான். அன்று ஏஞ்சல் பாதிக் குடத்தோடு திரும்பி வந்தாள்.

வாடகை கட்டிய அந்தக் காசுக் கணக்கின் எண் அசல் பக்கத்தின் அடியில் முதலிலிருந்தே இருந்தது. அந்தப் பூட்டிலிருந்து ஒரு வரி போனால் போலி உடைந்துவிடும். சாமுவேல் தன் பாதியைச் சொல்லவில்லை.

முதல் பிரதியில் முதலாளி அவனை விலைக்கு வாங்கிவிட்டதாக எழுதினேன். சுலபமான திருப்பம். ஆனால் பஸ்ஸில் நான் கேட்ட குரல் அது இல்லை. விலைபோனவன் ‘அழிக்க முடியுமா’ என்று கேட்க மாட்டான். அடித்தேன்.

ஏஞ்சல் முதலில் எழுதிய வரி: ‘தண்ணி இன்னும் செவப்புதான், அந்தப் பக்கம் நாங்க இல்ல.’ அதற்குத்தான் சாமுவேல் சொன்னான்:

“தண்ணி செவப்புன்னு போடற. நாளைக்கு ஓனரு சரி பண்ணிட்டாருன்னா? அப்பவும் செவப்புன்னே நிக்கும். நம்ம வரி பொய்யாயிடும் ஏஞ்சலு.”

அவன் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எழுதுவது யார் என்று பட்டறையில் தெரிந்தால் மறுநாள் அவனுக்கு அங்கே வேலை இல்லை.

ஏஞ்சல் இரண்டு நாள் யோசித்தாள். தண்ணீரை எடுத்தாள், சிவப்பை எடுத்தாள். மிஞ்சியது: ‘அந்தப் பக்கம் நாங்க இல்ல.’ தண்ணீர் தெளிந்தாலும் பொய்யாகாத வரி; பஸ்ஸில் அவள் கேட்டது இதைத்தான். எனக்கு இது தோன்றியிருக்காது.

5

முடிவுகள்:

சாமுவேல் சொல்லிவிடுகிறான். குடங்களின் படங்கள் மறுபடி வரத் தொடங்குகின்றன.

சாமுவேல் சொல்வதில்லை. ஏஞ்சல் தன் பாதியையும் மறக்க முயன்று…

இரண்டையும் என்னால் எழுத முடியும். எழுதுகிறவள் நான், அவன் வாயில் அந்தச் சொற்களை வைக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்தப் பூட்டு எந்த அதிகாரிக்கும் தராத அதிகாரம் அது. பேனா பிடித்த காரணத்துக்காக நான் மட்டும் எப்படி எடுத்துக்கொள்வது? எனக்குக் கேட்டவரை எழுதுகிறேன். அடுத்து வருவது உங்கள் காதில் விழுந்தால் விழட்டும்.

அன்று சாமுவேல் வந்தபோது ஏஞ்சல் கலரைக் கேட்கவில்லை. தன் சொற்களைப் போனில் அடித்து முடித்திருந்தாள். மீதிக் கட்டங்கள் காலியாக இருந்தன. போனை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் கையைத் துடைத்தான். சாயம் போகாது என்று தெரிந்தும் மறுபடி துடைத்தான்.

“ஓனரு கேட்டாலும் உன் வாயிலேர்ந்து புடுங்க முடியாது, நான் கேட்டாலும் முடியாது. நீயா சொன்னாதான் உண்டு. சொல்றியாய்யா?”